பதினைந்து பெற்றோர்: மலாயாக் கல்விச் சட்டங்களில் பெற்றோர் உரிமை

முன்னுரை

பிள்ளைகளை வளர்ப்பதும் அவர்களுக்குக் கல்வியளிப்பதும் பெற்றோருக்கு இறைவன் அளித்த உரிமை என்பது சமயச் சான்றோர் பலர் நெடுங்காலமாகக் கூறிவரும் கருத்தாகும். அரசு தோன்றுவதற்கு முன்னரே குடும்பம் தோன்றிவிட்டது. ஆதலின் இவ்வுரிமை அரசு வழங்கியதும் அன்று, அரசு பறிக்கத்தக்கதும் அன்று என்பது அக்கருத்தின் அடிப்படை. சட்டத்தின் மொழியில் இதனை ‘முற்பட்ட உரிமை’ என்பர்.

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க்கல்வி வரலாற்றை எழுதியோர் பள்ளிகளின் எண்ணிக்கையையும், கல்வி அறிக்கைகளின் பரிந்துரைகளையும், ஆசிரியர்களின் தொண்டையும் விரிவாகவே பேசியுள்ளனர். பெற்றோர் அவ்வரலாற்றில் பெயரற்ற கூட்டமாகவே வந்து போகின்றனர். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் பாராட்டவும், அனுப்பாவிடில் கடிந்துகொள்ளவும் மட்டுமே நாம் அவர்களை நினைவுகூர்கின்றோம். சட்டம் அவர்களை எவ்வாறு கண்டது, என்ன கொடுத்தது, எந்த அளவோடு நிறுத்திக்கொண்டது என்பனவற்றை 1920ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரையிலான சட்டங்களை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் மரபில் இப்பொருளைத் தேடுவோர் முதலில் காண்பது உரிமையை அன்று, கடமையையே. பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடலில் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவர்க்கும் உரிய பொறுப்புகள் வரிசைப்படுத்தப்பெறுகின்றன. பெறுவதும் பேணுவதும் தாயின் பொறுப்பு. மகனைச் சான்றோனாக்குவது தந்தையின் பொறுப்பு. அவ்வரிசையில் வேந்தனுக்கும் ஒரு பங்கு உண்டு. போர்க்களத்தில் முடியும் பாட்டு அது. அதனைக் கல்விக் கொள்கையாகப் படிப்பது மிகையாகும். எனினும், பிள்ளை வளர்ப்பைப் பெற்றோர்க்கும் அரசுக்கும் இடையே பகிர்ந்த பணியாகக் காணும் பார்வை அதில் உண்டு. ‘அரசே, தலையிடாதே’ என்னும் குரல் அதில் இல்லை. அக்குரல் வேறொரு நிலத்தில், வேறொரு சூழலில் எழுந்தது.

உரிமையும் உடைமையும்

முதல் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடியேறியோரின் பிள்ளைகளை ஒரே மொழி, ஒரே பள்ளி என்னும் அச்சில் வார்க்கும் வேட்கை மிகுந்தது. நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் இயற்றிய சட்டம், எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைகளுக்கு ஆங்கிலமல்லாத பிறமொழி கற்பித்தலைக் குற்றமாக்கியது. லுத்தரன் சபைப் பள்ளி ஒன்றில், பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்த ராபர்ட் மையர் என்னும் ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. மொழி கற்பித்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவரின் வழக்கிலேயே, பிள்ளையின் கல்வியைத் தீர்மானிக்கும் பெற்றோர் உரிமை முதன்முதலாக அந்நீதிமன்றத்தின் தெளிவான ஏற்பைப் பெற்றது என்பது ஆசிரியர்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஓரகான் மாநிலம் இன்னும் ஒருபடி மேலே சென்றது. 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் அனைவரும் அரசுப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்னும் சட்டத்தை 1922இல் அம்மாநில வாக்காளர்கள் நிறைவேற்றினர். கத்தோலிக்கப் பள்ளிகளை மூடுவதே அதன் உட்கிடை. கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் அதனை முன்னின்று ஆதரித்தது. 1925ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைத் தள்ளியது. பிள்ளை அரசின் படைப்பு அன்று என்னும் கருத்து அத்தீர்ப்பில் அழுத்தம் பெற்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், போப்பாண்டவர் பதினோராம் பயஸ் கல்வி குறித்து வெளியிட்ட சுற்றுமடல் இத்தீர்ப்பைச் சான்று காட்டியது. இறைவன் அளித்த உரிமை என்னும் சமயக் கருத்தும் சட்டத்தின் உரிமை என்னும் உலகியற் கருத்தும் அவ்விடத்தில் கைகோத்தன எனலாம்.

மலாயாவின் வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க வழக்கு இவ்விரண்டுமன்று. ஹவாய்த் தீவுகளின் வழக்கேயாகும். அங்குக் கரும்புத் தோட்டங்களில் உழைக்க வந்த ஜப்பானியர், தம் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி நேரத்திற்குப் புறம்பாகத் தாய்மொழி கற்பிக்கும் பள்ளிகளைத் தாமே அமைத்துக்கொண்டனர். 1920ஆம் ஆண்டு ஹவாய் ஆட்சி அப்பள்ளிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. பின்னர் வந்த திருத்தங்கள் அதனை மேலும் இறுக்கின. மாணவர் தலைக்கு ஒரு டாலர் கட்டணம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கற்பிக்கத் தடை, பாடநூல்களின் மீது கட்டுப்பாடு என அது விரிந்தது. 1927இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் நடைமுறையைத் தடுத்தது. அத்தீர்ப்பு தரும் கணக்கின்படி, அத்தகைய பள்ளிகள் 163, அவற்றுள் 9 கொரிய மொழிப் பள்ளிகள், 7 சீனப் பள்ளிகள், எஞ்சியவை ஜப்பானியப் பள்ளிகள், மாணவர் 20,000, ஆசிரியர் 300. அப்பள்ளிகளை நடத்தியோர் 5,000 பேருக்கு மேற்பட்டோர். சொத்தின் மதிப்பு ஏறத்தாழ 250,000 டாலர்.

இம்மூன்று வழக்குகளிலும் ஒரு பொதுத்தன்மையைக் காண்கின்றோம். பெற்றோர் உரிமையை நிலைநாட்டியவை இவ்வழக்குகள். ஆயினும் பெற்றோர் என்னும் தகுதியில் நீதிமன்றப் படியேறியவர் எவருமிலர். முதல் வழக்கில் ஓர் ஆசிரியர். இரண்டாவதில் கன்னியர் சபையொன்றும் ஓர் இராணுவப் பயிற்சிப் பள்ளியும். மூன்றாவதில் பள்ளிகளின் உடைமையாளர்கள். உரிமை பெற்றோருக்குரியதாக இருந்தும், அதனைக் காத்தது பள்ளி என்னும் உடைமையே. பள்ளியை உடைமையாகக் கொண்டிராத பெற்றோருக்கு இவ்வுரிமை எவ்வாறு பயன்படும் என்னும் வினா அமெரிக்க நீதிமன்றங்களில் எழவில்லை. மலாயாவில் அவ்வினாவே முதன்மையானதாகின்றது.

தோட்டப்புறத்தில் பெற்றோர்

ஹவாய்ச் சட்டம் வந்த அதே 1920இல் மலாயாவிலும் பள்ளிகளைப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முதன்மை நோக்கம் சீனப் பள்ளிகளின் அரசியற் செயற்பாடுகளைக் கட்டுப்படுத்துவதாகும். சீனச் சமூகம் அதனைக் கடுமையாக எதிர்த்தது. தமிழ்ப் பெற்றோரிடமிருந்து அத்தகைய எதிர்ப்பு எழவில்லை. அக்கறையின்மையை இதற்குக் காரணமாகக் கூறுவோர் உளர். நாம் அக்கருத்தை ஏற்பதற்கில்லை. எதிர்ப்பதற்கு அவர்கள் கையில் பள்ளி இல்லை என்பதே உண்மை.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி, கல்விச் சட்டத்தின் குழந்தையன்று. தொழிலாளர் சட்டத்தின் குழந்தை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, 7 முதல் 14 வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. குடியிருப்பு, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றோடு பள்ளியும் தொழிலாளருக்குச் செய்து தரவேண்டிய வசதிகளுள் ஒன்றாயிற்று. கட்டடமும் நிலமும் நிர்வாகத்தினுடையவை. ஆசிரியரை அமர்த்துவதும் நீக்குவதும் துரையின் கையில் இருந்தன. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் எழுத்தறிவித்த பள்ளிகளும் இருந்தன. லயத்தில் வாழ்ந்த பெற்றோருக்கு வீடும் உடைமையன்று, பள்ளியும் உடைமையன்று. வேலை போனால் இரண்டும் ஒருங்கே போகும்.

இந்நிலையில் ‘தேர்வு’ என்னும் சொல்லுக்குப் பொருள் மிகக் குறைவு. ஆங்கிலப் பள்ளிகள் நகரங்களில் இருந்தன. அவை கட்டணம் பெற்றன. தோட்டத்துப் பெற்றோருக்கு முன் இருந்தவை இரண்டே வழிகள்: தோட்டப் பள்ளிக்கு அனுப்புவது, அல்லது எங்கும் அனுப்பாமல் விடுவது. இரண்டாவது வழியில் பிள்ளையின் சிறு கூலி வீட்டுக்கு வந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. பெற்றோர் உரிமையைப் பேசும் நூல்கள் இவ்விடத்தை விரைந்து கடந்து விடுகின்றன. பிள்ளையின் உழைப்பை நம்பி வாழும் பெற்றோரின் உரிமை, பிள்ளையின் நன்மைக்கு எப்போதும் அரணாகும் எனக் கூறவியலாது. அவ்வாறே, பிள்ளைகளின் கைகளுக்கு வேலை வைத்திருந்த நிர்வாகம் நடத்திய பள்ளி, பெற்றோரின் இடத்தில் நின்று அந்நன்மையைக் காத்தது எனவும் கூறவியலாது.

1951ஆம் ஆண்டின் விவாதம்

1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிசில் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவில், பிள்ளைகளுக்கு எவ்வகைக் கல்வி அளிப்பது என்பதைத் தேர்ந்துகொள்ளும் முற்பட்ட உரிமை பெற்றோருக்கு உண்டு என்றது. இளையோர் அனைவரையும் கட்சியின் உடைமையாக்கிய நாசி ஜெர்மனியின் அனுபவம் அனைவர் மனத்திலும் பசுமையாக இருந்த காலம் அது. இவ்வுட்பிரிவு இடம்பெற வாதிட்டோருள் லெபனான் நாட்டின் சார்ல்ஸ் மாலிக் குறிப்பிடத்தக்கவர். மலாயாவுக்கு அந்த அவையில் இருக்கை இல்லை. பிரிட்டன் அதன் சார்பில் வாக்களித்தது.

மூன்று ஆண்டுகள் கழியுமுன் மலாயாவில் இவ்வுரிமை நேரடிச் சோதனைக்கு உள்ளாயிற்று. மலாய்க் கல்வியை ஆராய அமைக்கப்பட்ட பார்ன்ஸ் குழுவின் அறிக்கை 1951இல் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல். ஜே. பார்ன்ஸ் தலைமையிலான அக்குழுவில் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் மட்டுமே இடம்பெற்றிருந்தனர். தாய்மொழிப் பள்ளிகளை அகற்றி, 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் அனைவருக்கும் மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் இலவசத் தேசியப் பள்ளிகளை நிறுவ வேண்டும் என்பது அதன் பரிந்துரை. இப்பரிந்துரையில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய ஒரு கூறு உண்டு. அறிக்கை பெற்றோரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களின் தேர்வையே சோதனையாக்கியது. அரசு வழங்கும் இலவசக் கல்வியை ஏற்பதைக் குடிமைப் பண்பின் முதன்மையான அடையாளங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பது அதன் வாதம். ஓரகானில் சட்டம் பெற்றோரின் கையைக் கட்டியது. மலாயாவிலோ, கை கட்டப்படாமலேயே, எந்தப் பள்ளியை நோக்கி அது நீள்கிறது என்பது கண்காணிக்கப்பட்டது.

அக்காலத்தைக் கருதின் இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவசரகாலம் நடப்பில் இருந்தது. ஒரு நாட்டின் பிள்ளைகள் நான்கு வகைப் பள்ளிகளில், நான்கு வேறு நாடுகளை நோக்கிய பாடநூல்களைப் படித்துக்கொண்டிருந்தனர். தமிழ்ப்பள்ளிகள் தமிழகத்துப் பாடநூல்களையே பெரிதும் நம்பியிருந்தன. பொதுப் பள்ளி வேண்டும் என்ற குரலில் ஒரு நியாயம் இருக்கவே செய்தது. ஆயினும், குடியுரிமைக்கே போராடிக்கொண்டிருந்த மக்களிடம், பிள்ளையை எப்பள்ளியில் சேர்க்கின்றாய் என்பதே உன் விசுவாசத்தின் அளவுகோல் எனக் கூறுவது, உரிமையைத் தேர்வுத்தாள் ஆக்கிய செயலாகும்.

சீனப் பள்ளிகளை ஆராய்ந்த வில்லியம் ஃபென், வூ தே-யாவ் ஆகியோரின் அறிக்கையும் அதே ஆண்டில் வந்தது. ஒரு சமூகத்தின் பண்பாட்டை அழித்து ஒற்றுமையை உருவாக்க இயலாது என்பது அவ்வறிக்கையின் மையக் கருத்து. இரு அறிக்கைகளையும் இணக்கப்படுத்தும் முயற்சியில் உருவானதே 1952ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அது பார்ன்ஸ் அறிக்கையின் பக்கமே சாய்ந்தது. சீன, தமிழ்ப் பள்ளிகள் தேசிய அமைப்புக்கு வெளியே நின்றன. அவற்றுக்கு ஈடாகச் சட்டம் வழங்கிய சலுகை ஒன்று உண்டு: தேசியப் பள்ளியில் ஒரே வகுப்பைச் சேர்ந்த குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டினால், அங்குச் சீனமோ தமிழோ ஒரு பாடமாகக் கற்பிக்கப்படும்.

பதினைந்து என்னும் எண்

நாட்டின் கல்வி வரலாற்றில் இவ்வெண்ணுக்கு இருக்கும் நீண்ட ஆயுள் வியப்பளிப்பதாகும். 1952ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவுக்கு ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. ரப்பர், ஈய விலைகளின் வீழ்ச்சி அரசின் கருவூலத்தை இளைக்கச் செய்ததும் அதற்கொரு காரணம். 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் 52 இடங்களுள் 51இல் வென்ற கூட்டணி அரசு, ரசாக் குழுவை அமைத்தது. 1956இல் வெளிவந்த ரசாக் அறிக்கை தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளைத் தேசிய அமைப்புக்குள் ஏற்றுக்கொண்டது. இஃது ஒரு பெரும் திருப்புமுனை என்பதில் ஐயமில்லை. ஆயின், பதினைந்து என்னும் எண் அழியவில்லை. தமிழ் பயிற்றுமொழியல்லாத பள்ளிகளுக்காக அது தொடர்ந்தது. ஒரே வகுப்பில் 15 என்பது, ஒரு பள்ளியில் 15 என இளகியது. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அதனை அப்படியே சுமந்து வந்தன.

இவ்விதி சட்டத்தில் எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதை நாம் உற்று நோக்குதல் வேண்டும். அதற்கெனத் தனிப்பிரிவு இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது, சொற்களுக்குப் பொருள் கூறும் 2ஆம் பிரிவில் உள்ளது. ‘தேசியப் பள்ளி’ என்பது யாது என வரையறுக்கும் இடத்தில், அப்பள்ளியின் இலக்கணங்களுள் ஒன்றாக, 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டினால் தமிழோ சீனமோ கற்கும் வசதி செய்து தரப்படும் என்னும் தொடர் இடம்பெறுகின்றது. வேண்டுகோளை யாரிடம் கொடுப்பது, எத்தனை நாளுக்குள் வசதி செய்யப்பட வேண்டும், செய்யாவிடில் பெற்றோர் எங்கு முறையிடுவது ஆகியவற்றைப் பற்றி அவ்வரையறையில் ஒரு சொல்லும் இல்லை. நிகண்டில் கிடைக்கும் உரிமை இது எனின் மிகையாகாது.

1996ஆம் ஆண்டுச் சட்டம் அதே வரையறையில் பழங்குடியினர் மொழிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆயின் அவற்றுக்கு 15 பெற்றோரின் வேண்டுகோளோடு, அது நியாயமானதாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருக்க வேண்டும் என்னும் கூடுதல் நிபந்தனையும் உண்டு. அவ்வகையில் தமிழ், சீன மொழிகளின் நிலை சற்று உயர்ந்ததே. மற்றோர் ஒப்பீடும் உண்டு. இசுலாமிய சமயக் கல்வி பற்றிய பிரிவில், 1961ஆம் ஆண்டுச் சட்டம் 15 மாணவர் எனக் குறித்திருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 50ஆம் பிரிவு அதனை 5 எனக் குறைத்தது. அங்குப் பெற்றோர் வேண்டுகோள் விடுக்க வேண்டியதில்லை. மாணவர் எண்ணிக்கையே போதும். எண்கள் மாறக்கூடியவையே என்பதையும், வேண்டுகோள் என்பது தவிர்க்க முடியாத முறையன்று என்பதையும் காட்டவே இதனை ஈண்டு எடுத்துரைக்கின்றோம்.

நடைமுறையில் வேண்டுகோள் என்பது யாது? ஒரு தேசியப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் 40 பேர் இருப்பதாகக் கொள்வோம். இத்தகைய விதி உண்டு என்பது அவர்தம் பெற்றோருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் முன்வந்து பிறரைத் தேடிக் கையொப்பம் பெற வேண்டும். தலைமையாசிரியர் அதனை ஏற்று மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். பின்னர் ஆசிரியர் கிடைக்க வேண்டும். 14 பேர் கேட்டால் கேட்டதாகவே பொருளில்லை. இவ்வளவும் கைகூடி அமைந்த தாய்மொழி வகுப்புகள் பலவும் பள்ளி நேரத்திற்கு வெளியே, மாலை வேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் நடந்தன என்பதை நம் ஆசிரியர் பலரும் அறிவர். மற்றப் பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் தமிழ் படிக்கும் பிள்ளை, தமிழை ஒரு தண்டனையாக உணர்ந்ததில் வியப்பில்லை. தனி மனிதருக்கு இறைவன் அளித்ததாகக் கூறப்படும் உரிமை, இந்நாட்டில் பதினைந்து பேர் கூடினாலன்றிப் பிறவாத உரிமையாக உருமாறிற்று.

எனினும் அதனைப் பழித்துவிடவும் மனம் வரவில்லை. உடைமை இல்லாத பெற்றோருக்கு எண்ணிக்கையையேனும் இவ்விதி ஆயுதமாக்கியது. பள்ளிக் கட்டடம் இல்லாத ஊர்களிலும், தோட்டத் துண்டாடலால் நகர்ப்புறத்துக்கு வந்து சேர்ந்த குடும்பங்களிலும், தமிழ் எழுத்தறிவு எஞ்சியதற்கு இவ்வகுப்புகளும் ஒரு காரணம். விடுதலை பெற்ற 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள், 2000களின் இறுதியில் 523 ஆகக் குறைந்திருந்தன. தோட்டம் விற்கப்பட்டபோது பள்ளியின் நிலமும் சேர்ந்தே கைமாறியது. அப்போதெல்லாம் பெற்றோரின் இசைவு எச்சட்டத்தின்படியும் தேவைப்படவில்லை.

நகர்ப்புறத்தில் ஆங்கிலப் பள்ளியைத் தேர்ந்தெடுத்த இந்தியப் பெற்றோரின் கதியும் வேறுபட்டதன்று. 1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஆங்கிலப் பள்ளிகள் மலாய்ப் பயிற்றுமொழிக்கு மாறின. எந்தத் தேர்வைச் சமூகத்தின் மேல்தட்டு பெருமையோடு செய்துகொண்டதோ, அதே தேர்வுதான் முதலில் மறைந்தது. தமிழ்ப்பள்ளி எஞ்சியது. மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு வழங்கிய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21(2)ஆம் பிரிவு முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பள்ளிகளின் தலைக்கு மேல் தொங்கி, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறாது போயிற்று.

‘பெற்றோர்’ என்னும் சொல்

கூட்டரசு அரசியலமைப்பின் 12(3), 12(4) ஆகிய உட்பிரிவுகள் சமயத்தையும் கல்வியையும் இணைக்கின்றன. தம் சமயமல்லாத பிற சமயத்தின் போதனையைப் பெறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. 18 வயதுக்குட்பட்டோரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிப்பர். மலேசியச் சட்டங்களுள் ‘முற்பட்ட உரிமை’ என்னும் கருத்துக்கு மிக அணுக்கமானது இதுவே. ஆயின், ஆங்கில மூலத்தில் பெற்றோரைக் குறிக்கும் சொல் ஒருமையில் உள்ளது. தாய் தந்தையருள் ஒருவர் என்பதா, இருவரும் என்பதா? 2007ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் ஒருவர் எனப் பொருள் கொண்டது. 2018ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் அதே நீதிமன்றம், பிள்ளையின் மதமாற்றத்திற்கு இருவரின் இசைவும் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்கள் சில அடைந்த துயரம் நாடறிந்ததே. ‘பெற்றோர்’ என்னும் தமிழ்ச்சொல் பலர்பால் ஈற்றோடு இருவரையும் ஒருங்கே தழுவி நிற்பது. இத்தெளிவு தமிழ்ச்சொல்லில் உண்டு; ஆனால் வழக்கு நடந்தது வேறு மொழிகளில்.

சிங்கப்பூரின் மாறுபட்ட வழி

பெற்றோரின் தேர்வை முழுமையாக மதித்த ஆட்சியில் தமிழ்ப்பள்ளி என்னவாகும் என்பதற்குச் சிங்கப்பூர் சான்றாகின்றது. 1956ஆம் ஆண்டு அனைத்துக் கட்சிக் குழுவின் அறிக்கை, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்தது. பிள்ளையை எம்மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்பது பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. தமிழ்ப்பள்ளிகளை மூடுமாறு எச்சட்டமும் இயற்றப்படவில்லை. வேலைவாய்ப்பும் உயர்கல்வியும் ஆங்கிலத்தைச் சார்ந்திருந்தன. பெற்றோர் ஆண்டுதோறும் அதற்கேற்பத் தேர்ந்தனர். 1946இல் தோன்றிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, தமிழ்வழி உயர்நிலைக் கல்வி வழங்கிய இறுதிப் பள்ளியாக நின்று, 1982இல் மூடப்பட்டது. 1987இல் பள்ளிகள் அனைத்தும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன.

தமிழ் ஒரு பாடமாக நிலைபெற்ற வரலாறோ இதற்கு நேர்மாறானது. இரண்டாம் மொழியைத் தேர்ந்துகொள்ளும் இடம் தொடக்கத்தில் பெற்றோருக்கு இருந்தது. பின்னாளில் தாய்மொழிப் பாடம் பொதுவாகப் பிள்ளையின் இனவழியே வகுக்கப்பட்டது. பெற்றோரின் தேர்வு குறைந்த இடத்தில் தமிழுக்கு மாணவர் உறுதிப்பட்டனர். தேர்வு முழுமையாக இருந்த இடத்தில் தமிழ்ப்பள்ளி மறைந்தது. தமிழ்ப்பற்று உடையோர் இவ்வுண்மையை எதிர்கொள்ளத் தயங்குவதை நாம் பன்முறை கண்டுள்ளோம். பெற்றோர் உரிமையையும் மொழியின் வாழ்வையும் ஒரே மூச்சில் முழங்கும் மேடைகள், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கக்கூடியவை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தப் பெற்றோர் தமிழை வெறுத்தனர் எனக் கூறுவதும் நேர்மையாகாது. பிள்ளைக்கு வேலை கிடைக்கும் பள்ளியை அவர்கள் தேர்ந்தனர். வேலை எம்மொழியில் இருக்க வேண்டும் என்பதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களிடம் இல்லை.

2002ஆம் ஆண்டுத் திருத்தம்

மலேசியக் கல்விச் சட்டத்தில் பெற்றோர் தனிப்பிரிவொன்றின் எழுவாயாக விரிவாக இடம்பெற்றது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த 29ஏ பிரிவு, ஆறு வயது நிறைந்த பிள்ளையைத் தொடக்கப் பள்ளியில் சேர்த்து, தொடக்கக் கல்வி முடியும்வரை அங்குத் தொடரச் செய்யும் பொறுப்பைப் பெற்றோர்மீது சுமத்தியது. தவறினால் 5,000 ரிங்கிட் வரையிலான அபராதம், அல்லது ஆறு மாதம் வரையிலான சிறை, அல்லது இரண்டும். தோட்டப்புறத்தில் பிள்ளைகள் வேலைக்கு அனுப்பப்பட்ட காலத்தை நினைப்போர் இப்பிரிவைக் குறைகூற மாட்டார்கள். சிங்கப்பூரின் கட்டாயக் கல்விச் சட்டமும் அதே 2003இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அத்திருத்தத்திற்குப் பின்னர் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒருசேரப் படிப்போருக்கு ஒன்று புலனாகும். பெற்றோர் ஆற்றவேண்டிய கடமைக்குத் தனிப்பிரிவு உண்டு. வயது, காலவரம்பு, தண்டனை ஆகிய மூன்றும் அதில் துல்லியமாகக் குறிக்கப்பெற்றுள்ளன. பெற்றோர் கேட்கக்கூடிய தமிழ் வகுப்போ, 2ஆம் பிரிவின் வரையறைத் தொடரொன்றில், 15 என்னும் எண்ணோடு நின்றது.